“கல்யாணம் எப்போது?”: நேர்முகத் தேர்வில் இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது?

கேள்வி: கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவு வேலைக்காக நேர்முகத் தேர்வுக்குப் போயிருந்தேன். எனக்கு வயது 28. வேலையைப் பற்றிப் பத்து நிமிடம் கேட்டார்கள். மீதி நேரமெல்லாம் கல்யாணம் எப்போது, மாப்பிள்ளை வெளியூரா, குழந்தை உடனே பெற்றுக்கொள்வீர்களா என்றே போயிற்று. உள்ளதை உள்ளபடி சொன்னேன். வேலை கிடைக்கவில்லை. இப்படிக் கேட்பது சட்டப்படி சரியா? இந்தக் காலத்திலும் ஏன் இப்படி? நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும்?

பதில்:

மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து இதே கேள்வியைப் பல ஆண்டுகள் கேட்டவள் நான். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் பெர்சனல் டிபார்ட்மென்ட்டில் 1987-இல் உதவியாளராகச் சேர்ந்தேன். அந்தப் பிரிவுக்கு எச்.ஆர். என்று பெயர் மாறிய பிறகும் அங்கேயே இருந்து ஓய்வு பெற்றேன். அதனால் கொஞ்சம் கூச்சத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஆபீசில் நேர்முகத் தேர்வுக்கென்று ஒரு மதிப்பெண் தாள் இருந்தது. படிப்பு, அனுபவம், பேச்சு, தோற்றம் என்று கட்டம் கட்டமாக அச்சடித்திருக்கும். வந்திருப்பவர் பெண் என்றால், தாளின் வலது மேல் மூலையில் மேனேஜர் பென்சிலால் ஓர் எழுத்துப் போடுவார். ‘க’ என்றால் கல்யாணம் ஆனவர். ‘நி’ என்றால் நிச்சயமாகியிருக்கிறது. ‘க’வுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி இருந்தால் இன்னும் குழந்தை இல்லை என்று அர்த்தம். யாரை எடுப்பது என்று முடிவானதும் தாள்கள் என்னிடம் வரும். ஃபைலில் சேர்க்கும் முன் ரப்பரால் அந்த மூலையைச் சுத்தமாக அழித்துவிட வேண்டும். அது என் வேலை. மனிதருக்கு அழுத்தி எழுதும் பழக்கம். அழித்த பிறகும் தாளை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தால் தடம் தெரியும்.

அது தாளில் இருக்கக் கூடாத விஷயம் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் அதையே பேனாவால், அரசாங்க முத்திரை குத்தி எழுதிவைத்திருந்த காலம் ஒன்று இருந்தது. அங்கிருந்து தொடங்கினால்தான் உங்கள் இரண்டாவது கேள்வி பிடிபடும்.

1951-இல் அன்னா ராஜம் ஜார்ஜ் ஐ.ஏ.எஸ்.ஸில் சேர்ந்தார். பிற்காலத்தில் அன்னா ராஜம் மல்ஹோத்ரா என்று அறியப்பட்டவர். சுதந்திர இந்தியாவின் முதல் பெண் ஐ.ஏ.எஸ். அதிகாரி. தேர்வுக் குழுவினர் அவரிடம், வெளியுறவுப் பணியோ மத்தியப் பணிகளோ பெண்களுக்கு ஏற்றவை, அவற்றை எடுத்துக்கொள்ளுங்கள் என்று நயமாகத் திருப்பிவிடப் பார்த்தார்கள். அவர் அசையாமல் சென்னை மாநிலத்தைக் கேட்டு வாங்கினார். பணி நியமன ஆணையிலேயே ஒரு வரி இருந்தது: திருமணம் செய்துகொண்டால் பணி முடிவுக்கு வரும். இங்கே முதலமைச்சராக இருந்த ராஜாஜிக்கோ பெண்களை மாவட்ட நிர்வாகத்துக்கு அனுப்புவதில் விருப்பமில்லை. தலைமைச் செயலகத்தில் ஒரு நாற்காலி தருவதாகச் சொன்னார். அன்னா ராஜம் வாதாடி, ஓசூருக்குச் சப் கலெக்டராகப் போனார். சப் கலெக்டர் அம்மாவைப் பார்க்க ஒரு கிராமத்துப் பெண்கள் திரண்டு வந்ததையும், சுற்றிச் சுற்றிப் பார்த்த ஒரு பாட்டி கடைசியில் “நம்மைப் போலத்தானே இருக்கிறாள்” என்று ஏமாற்றத்தோடு சொன்னதையும் அவரே பின்னாளில் சொல்லிச் சிரித்திருக்கிறார். ராஜாஜியும் பிறகு மனம் மாறி, அவரை முன்மாதிரி என்று மேடையில் பாராட்டினார். அந்தத் திருமண விதி பின்னாளில் ஐ.ஏ.எஸ்.ஸிலிருந்து நீங்கியது.

வெளியுறவுத் துறை பெண்களுக்கு ஏற்றது என்றார்கள் அல்லவா? அதன் லட்சணத்தையும் பார்த்துவிடுவோம். சி.பி. முத்தம்மா குடகுக்காரர், சென்னையில் படித்தவர், 1949-இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண். அந்தப் பணிக்கு 1961-இல் எழுதிய விதிகள் இப்படி: பெண் அதிகாரி திருமணம் செய்துகொள்ளும் முன் அரசிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும். திருமணத்துக்குப் பிறகு குடும்பப் பொறுப்புகள் வேலைக்கு இடைஞ்சல் என்று அரசுக்குத் தோன்றினால் ராஜினாமா செய்யச் சொல்லலாம். மணமான பெண் எவரும் இந்தப் பணியில் நியமனத்தை உரிமையாகக் கோர முடியாது. ஆண் அதிகாரிக்கு மனைவி வந்தால் இடைஞ்சல் இல்லை. தூதரக விருந்துகளை நடத்த ஆள் கிடைத்த மாதிரி. இத்தனைக்கும், நாம் இந்த வழக்கத்தை எந்த நாட்டிடம் கற்றோமோ அந்தப் பிரிட்டன் தன் உள்நாட்டு அரசுப் பணிகளில் மணமான பெண்களுக்கான தடையை 1946-லேயே நீக்கிவிட்டிருந்தது.

பதவி உயர்வு மறுக்கப்பட்டபோது முத்தம்மா உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். வழக்கு விசாரணைக்கு வருவதற்குள் அரசு அவசர அவசரமாக அவருக்குப் பதவி உயர்வைக் கொடுத்தது. முதல் விதியை நீக்கியாயிற்று, அடுத்ததையும் நீக்கிக்கொண்டிருக்கிறோம் என்று நீதிமன்றத்தில் சொன்னது. ஆகவே 1979 செப்டம்பரில் மனு தள்ளுபடியாயிற்று. ஆனால் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் சும்மா தள்ளுபடி செய்யவில்லை. குடும்பப் பொறுப்பு பெண் அதிகாரியின் வேலையைக் கெடுக்கும் என்றால் ஆண் அதிகாரியின் வேலையையும் கெடுக்காதா என்று கேட்டுவிட்டுத்தான் கோப்பை மூடினார்.

இரண்டே ஆண்டுகளில் ஏர் இந்தியா வழக்கு வந்தது. விமானப் பணிப்பெண்களுக்கு 35 வயதில் ஓய்வு; சேர்ந்த நான்கு ஆண்டுகளுக்குள் திருமணம் செய்தால் வெளியே; முதல் கர்ப்பத்தோடு வெளியே; எது முதலில் வருகிறதோ அது. அதே விமானத்தில் வேலை பார்த்த ஆண் பணியாளருக்கு 58 வயது வரை இடம் உண்டு. 1981 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் கர்ப்ப விதியைக் கடுமையாகச் சாடி ரத்து செய்தது. ஆனால் நான்கு ஆண்டுத் திருமணத் தடையைச் செல்லும் என்று வைத்துக்கொண்டது. காரணம் என்ன தெரியுமா? அதற்குள் பெண்ணுக்கு மனப்பக்குவம் வந்துவிடும், திருமணம் வெற்றிபெறும் வாய்ப்பு கூடும், உடல்நலத்துக்கு நல்லது, குடும்பக் கட்டுப்பாட்டுக்கும் உதவும். ஒரு விமானக் கம்பெனியின் பணி விதிக்கு நாட்டின் மக்கள்தொகைக் கொள்கையைத் துணைக்கு அழைத்த தீர்ப்பு அது. எங்கள் மேனேஜர் இதைப் படித்திருக்க மாட்டார். ஆனால் அவர் பேசியதும் இதே தொனிதான்: “பாவம், புதுசாகக் கல்யாணம் ஆன பெண். ஏன் சிரமப்படுத்த வேண்டும்?”

இந்தப் “பாவம்” என்ற சொல்லைக் கவனியுங்கள். பெண்ணை வேலையில் தடுத்த விதிகளில் ஏறக்குறைய எல்லாமே அக்கறை என்ற பெயரில்தான் வந்தன. 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 66-ஆவது பிரிவு, மாலை 7 மணிக்கு மேல் காலை 6 மணி வரை பெண்ணைத் தொழிற்சாலையில் வேலைவாங்கக் கூடாது என்றது. பாதுகாப்புக்காகத்தான். ஆனால் அதே இரவில் ஆஸ்பத்திரிகளில் நர்ஸுகள் விழித்திருந்தார்கள், கோயம்பேட்டில் பூ இறக்கும் பெண்கள் இருந்தார்கள், காசிமேட்டில் விடியுமுன் மீன் ஏலம் எடுக்கும் பெண்கள் இருந்தார்கள். அவர்களை யாரும் வீட்டுக்குப் போகச் சொல்லவில்லை. இரவு ஷிப்டுக்கு அலவன்ஸும் ஓவர்டைமும் உள்ள இடத்தில்தான் பாதுகாப்பு நினைவுக்கு வந்தது. 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கி, போக்குவரத்து, ஓய்வறை போன்ற நிபந்தனைகளோடு இரவு வேலையை அனுமதித்தது. மது பரிமாறும் இடங்களில் பெண்கள் வேலை செய்யக் கூடாது என்ற 1914-ஆம் ஆண்டுப் பஞ்சாப் சட்டப் பிரிவு 2007-இல்தான் உச்ச நீதிமன்றத்தில் விழுந்தது. தெருவைப் பாதுகாப்பாக வைப்பது அரசின் பொறுப்பு, அதற்காகப் பெண்ணின் வேலையைப் பறிக்க முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

2020 பிப்ரவரி ராணுவ வழக்கு என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது. பெண் அதிகாரிகளுக்குத் தலைமைப் பொறுப்புக் கொடுக்க முடியாது என்பதற்கு மத்திய அரசு அடுக்கிய காரணங்களில் ஒன்று: படைவீரர்கள் பெரும்பாலும் கிராமப்புற ஆண்கள், பெண்ணின் தலைமையை ஏற்கும் அளவுக்கு அவர்கள் மனம் இன்னும் பழகவில்லை. நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. ஆனால் இந்த வாதத்தை நான் 1990-களிலேயே கேட்டிருக்கிறேன். எங்கள் மெஷின் ஷாப்புக்கு டிப்ளமோ படித்த ஒரு பெண்ணைச் சூபர்வைசராகப் போடலாமா என்ற பேச்சு வந்தபோது, “நம் பையன்கள் ஒரு பெண் சொல்லிக் கேட்பார்களா?” என்றார் ஃபோர்மேன். அதைச் சொன்னபோது அவர் கையில் இருந்த டீ டம்ளர் இன்றும் கண்ணில் நிற்கிறது. பையன்களிடம் யாரும் போய்க் கேட்கவில்லை. அந்தப் பெண் ஸ்டோர்ஸில் சரக்கு எண்ணும் வேலைக்குப் போனார்.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். மேலே சொன்ன வெற்றிகள் எல்லாம் யாருக்கு எதிராகக் கிடைத்தவை என்று பாருங்கள்: வெளியுறவுத் துறை, அப்போது அரசிடம் இருந்த விமான நிறுவனம், அரசு எழுதிய சட்டம், ராணுவம். அரசியல் சாசனத்தின் 14, 15, 16-ஆவது பிரிவுகளைக் கையில் எடுத்து நிற்க முடிந்ததே எதிரில் அரசு இருந்ததால்தான். தனியார் கம்பெனி முதலாளியை இந்தப் பிரிவுகளால் அவ்வளவு எளிதில் தொட முடியாது. அங்கே 1976 சம ஊதியச் சட்டத்தின் 5-ஆவது பிரிவுதான் துணையாக இருந்தது. ஒரே வேலைக்கு ஆளெடுக்கும்போது பெண் என்பதால் பாகுபாடு காட்டக் கூடாது என்றது அது. 2019 ஊதியச் சட்டத் தொகுப்பின் 3-ஆவது பிரிவிலும் அதே கருத்து இருக்கிறது. ஆனால் “கல்யாணம் எப்போது என்று கேட்காதே” என்று எந்தச் சட்டமும் சொற்களில் எழுதிவைக்கவில்லை. கேட்பது தனிக் குற்றம் ஆகாது; அந்தப் பதிலை வைத்து உங்களை ஒதுக்கியது சட்டவிரோதம். ஒதுக்கியதற்கு அதுதான் காரணம் என்று நிரூபிப்பதில்தான் சிக்கல். பென்சில் எழுத்தை அழிக்க என்னைப் போல ஒருத்தி எங்கும் இருப்பாள்.

ஆக, இந்தத் தடை விதிப் புத்தகத்தில் இருந்தவரை அதை நீதிமன்றத்துக்கு இழுக்க முடிந்தது. அடித்துத் திருத்திய பிறகு அது புத்தகத்திலிருந்து கிளம்பி மேனேஜரின் வாய்க்குள் குடிபோய்விட்டது. “விசேஷம் எதுவும் உண்டா?”, “வீட்டில் என்ன சொல்கிறார்கள்?”, “அவர்கள் பக்கத்தில் வேலைக்கு விடுவார்களா?” என்பதெல்லாம் 1961 விதியின் வாரிசுகள்தாம்.

இது பழங்கதை இல்லை என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் உள்ள ஃபாக்ஸ்கான் ஐபோன் ஆலையில் மணமான பெண்களை வேலைக்கு எடுக்காமல் ஒதுக்கியதாகச் செய்தி வெளியிட்டது. நிறுவனம் அந்தக் குற்றச்சாட்டை மறுத்தது. மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் சம ஊதியச் சட்டத்தின் அதே 5-ஆவது பிரிவைச் சுட்டிக்காட்டி, தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. அந்தப் பிரிவின் பெயர் அவ்வளவு சத்தமாகப் பேசப்பட்டதை என் பணிக்காலம் முழுவதும் நான் கேட்டதில்லை.

முதலாளிகள் பக்கம் துளிகூட நியாயம் இல்லையா? ஒரு விஷயத்தில் இருக்கிறது. 2017-இல் பிரசவ விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தது. முதல் இரண்டு குழந்தைகளுக்கு இது பொருந்தும். ஐம்பது பேரோ அதற்கு மேலோ இருந்தால் குழந்தைகள் காப்பகமும் வைக்க வேண்டும். நல்ல சட்டம். ஆனால் அந்த 26 வாரச் சம்பளம் முழுவதும் முதலாளியின் பையிலிருந்தே போக வேண்டும். விதிவிலக்கு ஒன்றுதான்: சம்பளம் மாதம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, இ.எஸ்.ஐ. என்ற அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்திருந்தால் இ.எஸ்.ஐ. கொடுக்கும், அதற்கு மேல் என்றால் கம்பெனிதான். பெண் ஊழியரின் பிரசவச் செலவைத் தனி முதலாளியின் தலையில் நேரடியாகச் சுமத்தக் கூடாது என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 183-ஆம் ஒப்பந்தம். இந்தியா அதில் கையெழுத்திட்டு ஏற்கவில்லை. அரசு சட்டம் போட்டுப் பெயர் வாங்கிக்கொண்டது, பில்லை முதலாளியிடம் நீட்டியது, முதலாளி அதை உங்களிடம் நீட்டிவிட்டார். உங்களைப் போல 28 வயதில், 21,000-க்கு மேல் சம்பளத்தில், கல்யாணத்துக்கு முன்னால் நிற்கும் பெண்தான் இந்தக் கணக்கில் வசமாக மாட்டுகிறார்.

ஆனால் “பெண்கள் பாதியில் போய்விடுவார்கள்” என்ற அடுத்த வாதத்துக்கு நான் ஒரு மதிப்பும் தர மாட்டேன். ஒரு வருடம் ஆடிட்டுக்காக ராஜினாமாப் பதிவேட்டை எடுத்து வரிசைப்படுத்தும் வேலை வந்தது. பெரிய பச்சை அட்டை போட்ட நோட்டு. போனவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். காரணம் என்ற பத்தியில் ‘சொந்தக் காரணம்’ என்று எழுதியிருந்தாலும், அத்தனை பேரும் எங்கே போனார்கள் என்பது கேண்டீனுக்கே தெரியும். பக்கத்துத் தெருக் கம்பெனியில் ஐந்நூறு ரூபாய் கூடக் கிடைத்தது. பெண்கள் கொஞ்சம் பேர்தான். அதிலும் இருவர் பிரசவம் முடிந்து திரும்பி வந்து அதே மேசை கேட்டு, இல்லை என்ற பிறகு போனவர்கள். நான் மேனேஜரிடம் நோட்டைக் காட்டினேன். “அது வேறு” என்றார். ஆண் போனால் முன்னேற்றம், பெண் போனால் நம்பிக்கைத் துரோகம். நோட்டை அலமாரியில் வைத்துவிட்டு வந்தேன். அதற்கு மேல் பேசுவதற்கு எனக்கு அப்போது துணிச்சல் இல்லை; நானும் அந்தச் சமயத்தில் ‘க’வுக்குப் பக்கத்தில் புள்ளி வைத்த ஆள்தான்.

என்ன சொல்லியிருக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். “உள்ளதைச் சொன்னேன்” என்று ஏதோ தவறு செய்தவர் போல எழுதியிருக்கிறீர்கள், அது வேண்டாம். பொய் சொல்லியிருக்க வேண்டுமோ என்று தோன்றுவதும் இயல்பு. அதற்கு ஒரு வழக்கு இருக்கிறது. எல்.ஐ.சி.யில் 1989-இல் சேர்ந்த ஒரு பெண், வேலை நிரந்தரமாகும் முன், தகுதிகாண் காலத்தில் பிரசவ விடுப்பு எடுத்தார். கொஞ்ச நாளில் அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். சேரும்போது கொடுத்த படிவத்தில் தவறான தகவல் தந்தார் என்பது குற்றச்சாட்டு. படிவத்தில் என்ன கேட்டிருந்தார்கள்? மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, கடைசியாக எந்தத் தேதி, இப்போது கர்ப்பமா, கருக்கலைப்பு நடந்ததுண்டா. 1991-இல் உச்ச நீதிமன்றம், இப்படியெல்லாம் கேட்டதுதான் கோளாறு என்றது. அந்தப் பத்திகளைப் படிவத்திலிருந்து நீக்கச் சொன்னது, அவரை மீண்டும் வேலையில் சேர்க்கவும் உத்தரவிட்டது. அதற்காக உங்களைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்கு நீங்கள் கடன்பட்டவர் இல்லை என்பதற்காகச் சொன்னேன்.

அடுத்த முறை கேட்டால், முகத்தைச் சுளிக்காமல் வேலைக்குத் திருப்புங்கள். “மார்ச் முடிவுக் கணக்கு நேரத்தில் இரவு எத்தனை மணி வரை இருக்க வேண்டும்? மாதம் 20-ஆம் தேதி ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் யார் பொறுப்பு? அதற்கு என்னால் முடியுமா என்பதுதானே உங்கள் கவலை? முடியும்.” பெரும்பாலானவர்கள் இத்தோடு விட்டுவிடுவார்கள். விடாமல் துருவுகிறவரிடம் வேலை பார்ப்பது எப்படி இருக்கும் என்பது உங்களுக்கு அங்கேயே தெரிந்துவிடும். கேள்விகள் உடலைப் பற்றியும் அந்தரங்கத்தைப் பற்றியும் ஆபாசமாகப் போனால் அது வேறு கணக்கு. 2013 பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் அங்கே வேலை பார்க்காத பெண்ணுக்கும் புகார் செய்யும் உரிமை தருகிறது. வெளியே வந்ததும் அன்றைக்கே, யார் என்ன கேட்டார்கள் என்று தேதி போட்டு எழுதிவையுங்கள். ஒருவர் எழுதியது வெறும் குறிப்பு. அதே கம்பெனிக்குப் போன மூன்று பெண்கள் எழுதியது இருந்தால் தொழிலாளர் துறை அதிகாரி நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார்.

இன்னொன்று. முடிவில் “நீங்கள் ஏதாவது கேட்க வேண்டுமா?” என்று சம்பிரதாயத்துக்குக் கேட்பார்கள். எல்லாரும் இல்லை என்று தலையாட்டிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். நீங்கள் கேளுங்கள்: “இந்த இடத்தில் எனக்கு முன்னால் இருந்தவர் ஏன் போனார்?” கூடச் சம்பளம் கிடைத்துப் போய்விட்டார் என்று, பெரும்பாலும் சற்றுத் தயங்கித்தான், பதில் வரும்.